ட்ரவலிங்: நடுவருக்குக் கண் இல்லையா, நமக்கு விதி தெரியாதா?



வலயமட்டப் போட்டிகள் முடிந்தால் போதும், நம் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கூடைப்பந்து வீடியோ சுற்றத் தொடங்கிவிடும். பந்தைப் பிடித்தபடி ஒரு பிள்ளை கூடையை நோக்கிப் பாயும். யாரோ அதை மெதுவாக ஓடவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிகளை எண்ணி, "இது ட்ரவலிங் இல்லையா? நடுவருக்குக் கண் இல்லையா?" என்று எழுதியிருப்பார். கீழே ஆளுக்கு ஆள் திட்டியிருப்பார்கள். பாலையூற்றில் பிள்ளைகளோடு நின்று பழகிய ஆசிரியர்கள் என்ற வகையில் இதைப் பற்றி நாங்கள் கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

நடுவர்கள் ட்ரவலிங்கைப் பிடிக்காமல் விடுகிறார்களா? விடுகிறார்கள். ஆனால் நாம் மூன்று அடி என்று எண்ணிக் கொதிக்கும் பல இடங்களில் தவறே நடக்கவில்லை.

நம் ஊர்த் தாய்மாரில் பலர் பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவர்கள். தர்ஜினி சிவலிங்கம் தேசிய அணிக்காகப் பந்து போட்டதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்தைப் பிடித்துத் தரையில் ஊன்றிய காலைத் தூக்கலாம். அது மறுபடி தரையில் படும் முன் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. அந்தக் கண்ணோடு கூடைப்பந்தைப் பார்த்தால் எல்லாமே தவறாகத்தான் தெரியும்.

கூடைப்பந்தின் கணக்கு வேறு. தட்டிக்கொண்டு ஓடிவரும் பிள்ளை பந்தைக் கையில் பிடிக்கும் கணத்தில் ஒரு கால் தரையில் இருந்தால், அந்தக் கால் எண்ணிக்கையில் வராது. அதற்குப் பிறகு வைக்கும் இரண்டு அடிகள்தான் கணக்கு. சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017 ஒக்டோபரிலிருந்து இதை விதியாகவே கொண்டுவந்தது. வீடியோவில் நாம் எண்ணும் "மூன்றாவது அடி" பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராத கால்தான்.

இந்தச் சலுகை புதிதாக வந்த சீர்கேடும் அல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் 13 விதிகளோடு இந்த விளையாட்டைத் தொடங்கினார். பந்தோடு ஓடக்கூடாது என்று அன்றே எழுதினார். வேகமாக ஓடிவந்து பந்தைப் பிடிப்பவர் உடனே நிற்க முடியாது, அவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் அதே விதியில் சேர்த்தார். ஓடும் உடம்பு கல்லைப்போல் நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக நடுவர்கள் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் என்பிஏயில் இரண்டு அடி வைக்கலாம் என்று விதிப்புத்தகத்தில் தெளிவாக எழுதப்பட்டது 2009இல்தான். களத்தில் அதற்குப் பல காலம் முன்பே விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2019 டிசம்பரில் யூட்டா அணிக்கு எதிரான ஆட்டத்தில் லெப்ரோன் ஜேம்ஸ் பந்தைத் தட்டாமலே சாவகாசமாக நடந்தார், விசில் வரவில்லை. தவறு என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

ஏன் தவறுகிறது? ட்ரவலிங்கைப் பிடிக்க நடுவர் ஒரே கணத்தில் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும்: பந்து கையில் எப்போது நின்றது, அப்போது எந்தக் கால் தரையில் இருந்தது. அதே நேரம் யார் யாரை இடித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். பத்துப் பேர் ஓடும் களத்தில் இருப்பது இரண்டு, மூன்று நடுவர்கள்.

கிரிக்கெட்டில் கோடு போட்டு வைத்தும் தவறியது. 2019 மார்ச் 28இல் பெங்களூரில் லசித் மாலிங்க வீசிய கடைசிப் பந்தில் பெங்களூருக்கு 7 ஓட்டங்கள் தேவை. அவர் கால் கோட்டைத் தாண்டியதை நடுவர் காணவில்லை. மும்பை வென்ற பிறகுதான் திரையில் தெரிந்தது. அடுத்த வருடம் மகளிர் இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தில் அந்த வேலையை மூன்றாம் நடுவரிடம் கொடுத்தார்கள். நம் பாடசாலை மைதானத்தில் மூன்றாம் நடுவரும் இல்லை, கமெராவும் இல்லை.

ஆகவே ஒரு ட்ரவலிங் தவறிப்போவது எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. எங்கள் கவலை வேறு. பெயர் பெற்ற பாடசாலையின் பிள்ளைக்கு ஒரு கண், முதல் தடவையாக வந்த சின்னப் பாடசாலையின் பிள்ளைக்கு இன்னொரு கண் என்று விசில் பிரிந்துவிடக் கூடாது. இறுக்கமான நடுவரைப் பிள்ளை தாங்கும், தளர்வான நடுவரையும் தாங்கும். ஆளைப் பார்த்து ஊதும் விசிலைத் தாங்காது. தராசு கொஞ்சம் பழையதாக இருக்கலாம்; வாங்குபவனுக்கு ஒன்று, விற்பவனுக்கு ஒன்று என்று இரண்டு தராசு இருக்கக் கூடாது. நடுவரின் விசில் ஓர் அமானிதம்.

எனவே சில வேண்டுகோள்கள்.

நடுவர்களே, ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிகளையும் கூப்பிட்டு, அடிகளை எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஐந்து நிமிடம் சொல்லுங்கள். முதல் நிமிடத்தில் ஊதியதைக் கடைசி நிமிடத்திலும் ஊதுங்கள்.

பயிற்றுவிப்பாளர்களே, நம் பிள்ளைகள் உண்மையில் அதிகம் செய்யும் தவறு கூடைக்குப் பாயும்போது அல்ல, நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது. பந்தைத் தரைக்கு விடுமுன் ஊன்றிய காலைத் தூக்கிவிடுகிறார்கள். அதைத் திருத்துங்கள். "நடுவர் பார்க்காவிட்டால் பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்தப் பாடம் மைதானத்தோடு நிற்காது, பரீட்சை மண்டபம் வரை வரும்.

பெற்றார்களே, பழைய மாணவர்களே, முறைப்பாடு இருந்தால் பொறுப்பாசிரியர் ஊடாக எழுத்தில் கொடுங்கள். என்பிஏ 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளில் எது சரி, எது பிழை என்று தானே வெளியிடுகிறது. நம் போட்டிகள் முடிந்த பிறகும் நடுவர்களும் ஆசிரியர்களும் அப்படி ஒருமுறை உட்கார்ந்து பேசலாம். வேலிக்கு வெளியே நின்று ஏசுவதால் எதுவும் திருந்தாது. சம்பளத்துக்காக அல்லாமல் ஆசைக்காக விசிலைத் தூக்கும் நாலு பேரும் வராமல் போவார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த வீடியோவில் இருப்பது நடுவர் மட்டும் அல்ல. பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றும் இருக்கிறது. விசில் வராததால் ஓடிய பிள்ளை அது. அதன் முகத்தோடு "கள்ள விளையாட்டு" என்று எழுதிப் பகிர முன், அது உங்கள் பிள்ளையாக இருந்தால் பகிர்வீர்களா என்று ஒருமுறை யோசியுங்கள்.