கணக்கு வகுப்பும் வட்டப்பாறையும்

விழுப்புரத்துக்கு அருகே பம்பையாற்றங்கரையில் உள்ள திருவாமாத்தூர் தேவார மூவரும் பாடிய தலம். அங்கே அபிராமேசுவரர் கோயிலைச் சேர்ந்த வட்டப்பாறையின் முன் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது அந்தச் சீமையின் பழைய நம்பிக்கை. அதைப் பற்றி ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. தம்பியின் பொருளை அபகரித்த அண்ணன் ஒருவன் அதைத் தன் கைத்தடியின் துவாரத்துக்குள் அடைத்துக்கொண்டு சத்தியத்துக்கு வந்தானாம். பாறையின் முன் நின்றதும் தடியைச் சற்றுப் பிடித்துக்கொள்ளும்படி தம்பியிடம் கொடுத்துவிட்டு, “அவன் பொருள் என்னிடம் இல்லை; அவனிடமே இருக்கிறது” என்று சொன்னானாம். வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான். ஆயினும் திரும்பும் வழியில் தும்பூரிலே பாம்பு தீண்டி மாண்டான் என்று கதை முடிகிறது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும்போதெல்லாம் இக்கதை நமக்கு நினைவு வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். விடைகள் சரியாக இருக்கின்றன. கையெழுத்து அழகாக இருக்கிறது. சிவப்பு மையில் உபாத்தியாயரின் அடையாளமும் இருக்கிறது. “இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது, தம்பி?” என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறான். அது கரும்பலகையிலிருந்தோ பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்தோ வந்தது. விடை மெய்; வழி பொய். கைத்தடிக்குள் பொன்னை ஒளித்தவனின் சத்தியத்துக்கும் இதற்கும் அதிக பேதம் இல்லை. ஆனால் குற்றவாளி அந்தப் பிள்ளையல்லன். பயத்தினால் அப்படிச் செய்கிறான். அந்தப் பயத்தை உண்டாக்கும் வகுப்பு முறையே நம் விசாரணைக்கு உரியது.

நம்முடைய பழைய முறையை முதலில் பார்ப்போம். 1822-இல் சென்னை கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ ராஜதானியிலுள்ள பள்ளிக்கூடங்களைப் பற்றி ஜில்லாதோறும் விசாரிக்க உத்தரவிட்டார். சுமார் ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் ஜனங்களுக்கு 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தனவென்று 1826-இல் அவர் எழுதிய குறிப்பு கூறுகிறது. சர்க்கார் கட்டிக் கொடுத்த பள்ளிகளல்ல அவை. பெரும்பாலும் கிராமத்தார் தாமே நடத்திய திண்ணைப் பள்ளிகள். அங்கே எண்சுவடியே பிரதானம். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி என்று கீழ்வாயிலக்கங்களை மனப்பாடம் செய்த பையன் நெல்லளக்கவும் நிலமளக்கவும் பிறர் தயவை நாட வேண்டியதில்லை. மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். மணலில் விரலால் எழுதுவார்கள். 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த இராணுவ அநாதைப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கையாண்டார்; பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குப் போதிக்கும் முறையையும் அங்கே அமைத்தார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடே இங்கிலாந்தில் பரவியது. நமக்குப் பெருமை தரும் விஷயம்தான்.

பெருமையோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனமில்லை. மன்றோவின் விசாரணைக்குப் பெல்லாரி ஜில்லா கலெக்டர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் அப்பள்ளிகளின் காலை வழக்கம் ஒன்று வருணிக்கப்பட்டிருக்கிறது. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவனுக்குப் பூஜ்யம். புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவது வருபவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் கடைசியாக வருபவனுக்கு இருபத்தெட்டு அடி. மொத்தம் எத்தனை என்று கூட்டிப் பார்த்தோம். ஒரு காலைப் பொழுதுக்கு 406 அடிகள்! கூட்டுத்தொடரைப் போதிக்க இதைவிடக் கொடிய வழி இருக்க முடியாது. முப்பது பேரும் நேரத்துக்கு முன்பே ஓடி வந்தாலும் அந்த 406 குறையாது என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் யாராவது அடிபட்டே தீர வேண்டுமென்று அமைந்த விதி அது. அதற்குமேல் கோதண்டமும் இருந்தது. பெண் குழந்தைகளுக்கும், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகத்தாருக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாத இடமாகவே இருந்தது. ஆகவே பழமையை அப்படியே மீட்க வேண்டுமென்று வாதாடுவோரோடு நாம் சேரமாட்டோம்.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆவது பிரிவினால் அடியையும் மனத்துன்பத்தையும் ஒருங்கே தடை செய்தது. அது நியாயமான சட்டம். ஆனால் பல உபாத்தியாயர்கள் அந்தரங்கமாக ஒரு குறை சொல்லுகிறார்கள்: “பிரம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதற்குப் பதில் என்ன கொடுத்தார்கள்?” இக்கேள்வியை ஏளனம் செய்வது சரியல்ல. பிரம்பு எடுக்கப்பட்ட இடத்தில் ஒழுங்கான வழக்கம் வைக்கப்படவில்லை. வழக்கமில்லாத வகுப்பில் கூச்சல் நிரம்புகிறது. கூச்சலை அடக்க ஏச்சு வருகிறது. ஏச்சு பிரம்பைவிட ஆழமாகப் பாய்கிறது. கணித போதனையைப் பற்றி ஆராய, சென்னைக் கணித அறிஞர் ஆர். ராமானுஜம் தலைமையில் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுமம் அமைத்த குழு, பெரும்பாலான பிள்ளைகளைப் பீடித்திருக்கும் பயத்தையும் தோல்வி உணர்ச்சியையுமே முதல் நோயாக 2006-இல் வெளியான தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. மற்ற நோய்களெல்லாம் அதற்குப் பின்னரே.

நடுநிலை வகுப்பில் இந்நோய் முற்றுவதற்கு விசேஷ காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு கைவிரலிலும் காசிலும் நிற்கிறது. பிறகு எண்ணுக்குப் பதிலாக எழுத்து வருகிறது. பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் வருகின்றன. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால் மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். “தவறு, உட்கார்” என்று சொல்ல அரை நிமிஷம் போதும். “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாயே, வந்த விடை அரையைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி?” என்று கேட்க இரண்டு நிமிஷம் வேண்டும். இந்த இரண்டு நிமிஷத்தில் அப்பிள்ளை தன் பிழையைத் தானே பிடித்துவிடுவான். அந்த இரண்டு நிமிஷத்தை உபாத்தியாயருக்குச் சம்பாதித்துக் கொடுப்பதற்காகவே வகுப்புக்கு விதிகள் வேண்டும் என்கிறோம். பிள்ளைகளை அடக்கி வைப்பது அவற்றின் நோக்கமன்று.

விதிகள் நாலைந்துக்குமேல் வேண்டாம். சுவரில் இருபது விதிகளை ஒட்டினால் அவற்றைப் பல்லியும் படிக்காது. ஜூன் மாதத்து முதல் வாரத்தில் பாடத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, பிள்ளைகளோடு பேசி, ஒவ்வொன்றையும் நடத்திக்காட்டிப் பழக்கிவிட வேண்டும். மணி அடித்து உள்ளே வந்தவுடன் கரும்பலகையில் முதல்நாள் பாடத்திலிருந்து ஒரு சிறு கணக்கு இருக்கும்; உபாத்தியாயரின் வாயை எதிர்பாராமல் அதைத் தொடங்கிவிட வேண்டும் என்பது ஒரு விதி. இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள்: சட்டப்படி வருஷத்துக்கு 220 வேலை நாட்கள். வகுப்பு அமைதிப்பட நாளொன்றுக்கு ஐந்து நிமிஷம் வீணானால் வருஷத்தில் 1,100 நிமிஷம். நாற்பது நிமிஷப் பாடவேளையாக வகுத்தால் இருபத்தேழரைப் பாடவேளைகள். ஒரு மாதத்துக்குமேல் கணக்குப் பாடமே நடக்கவில்லை என்பதற்கு அது சமம்.

நோட்டிலே அழிப்பானுக்கு இடமில்லை என்பதை இரண்டாவதாகச் சொல்வோம். பிழையான வரியை ஒரே கோட்டால் அடித்து, அடுத்த வரியில் திருத்தி எழுத வேண்டும். அடித்த வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. தன் தவறு பிறர் கண்ணில் படலாம், அதனால் கேடில்லை என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்பிவிட்டால், பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்க அவனுக்கு அவசியம் ஏது? வட்டப்பாறைக்கு முன் நிற்பதைவிடப் பெரிய சத்தியப் பயிற்சி இது. இவ்விதி உபாத்தியாயரையும் கட்டும். கரும்பலகையில் அவர் தவறினால் அவரும் ஒரு கோடு போட்டு, “பிழை செய்துவிட்டேன்” என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வகுப்பில் மரியாதை அதனால் குறைவதில்லை.

கரும்பலகைக்குச் சென்ற பிள்ளை தவறும்போது சிரிப்பது ஒன்றுக்கு மட்டும் மன்னிப்பு கூடாது. மற்றவற்றில் தளர்ச்சி காட்டலாம். கேள்வி கேட்டவுடன் முன்வரிசைப் பிள்ளைகள் கூவுவதும் நிற்க வேண்டும். உபாத்தியாயர் மனத்துக்குள் பத்து எண்ணிவிட்டே ஒரு பெயரை அழைக்க வேண்டும். வாய்ப்பாட்டைக் கூட்டாக ஒலிப்பது நல்லது; அது நம் எண்சுவடி மரபு, அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் யோசிக்க வேண்டியதைக் கோஷ்டியாக ஒலிக்க முடியாது.

இருவர் இருவராக அமர்ந்து கணக்குச் செய்யும் வழக்கத்துக்குத் திருவாமாத்தூரிலேயே முன்னுதாரணம் கிடைக்கிறது. அத்தலத்தின்மீது கலம்பகம் பாடிய இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் கால் நடவாதவர். ஒருவர் தோளில் மற்றவர் ஏறிச் செல்வார், ஒருவர் தொடங்கிய செய்யுளை மற்றவர் முடிப்பார் என்பது வரலாறு. வகுப்பிலும் ஒருவன் வழியைச் சொல்ல, மற்றவன் எழுதட்டும். மறுநாள் முறை மாறட்டும். முறை மாறுவதுதான் இங்கே உயிர். மாறாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை பழைய சட்டாம்பிள்ளை ஆகிவிடுவான். மற்றவன் சுமை தூக்கி.

வீட்டுக்கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு கணக்குக்குமேல் கொடுப்பது வீண். கரும்பு வெட்டும் காலத்திலும் கடலை பறிக்கும் காலத்திலும் பெற்றோர் இருட்டிய பின்பே வீடு திரும்பும் கிராமங்கள் இவை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு அடுப்பையும் மூட்டும் பெண்ணைப் பார்த்து “ஏன் செய்யவில்லை?” என்று நாலு பேர் முன் கேட்பது விதியை நிலைநாட்டுவதாகாது. பள்ளியிலேயே காலை வேளையில் அதைச் செய்ய இடம் கொடுத்தால் போதும்.

இதற்கெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அதே சட்டம் அளவு வகுத்திருக்கிறது. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் தனி ஆசிரியர் வேண்டுமென்றும் கூறுகிறது. அறுபது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்துவிட்டு, “பத்து எண்ணிவிட்டுக் கேள்” என்று நாம் உபதேசிப்பது பரிகாசமாகும். ஜூன் மாதத்து முதல் வாரத்திலேனும் பதிவேடு நிரப்புவது, புள்ளிவிவரம் அனுப்புவது முதலிய வேலைகளிலிருந்து கணக்காசிரியரை விடுவிக்க வேண்டும். உத்தரவு ஒன்று போதும். பணச் செலவு இல்லை.

அரசியல் ஊழியர்கள் இதை உபாத்தியாயர் பாடு என்று ஒதுக்கிவிடக் கூடாது. விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மணிலா மூட்டை கொண்டுவரும் குடியானவன், எடைச் சீட்டில் எழுதியிருப்பதைத் தானே பெருக்கிப் பார்க்க முடியாவிட்டால், பிறர் கணக்கை நம்பித்தான் ஆக வேண்டும். வட்டிச் சீட்டும் அப்படியே. கூலிக் கணக்கும் அப்படியே. வாக்குரிமை வந்து இத்தனை காலமான பின்பும் தராசுக்கு முன் அவன் அடிமையாக நிற்கிறான்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளிதோறும் பெற்றோரை உறுப்பினராகக் கொண்ட மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் கூட்டங்களில் சுற்றுச்சுவரையும் குடிநீர்க் குழாயையும் பற்றிப் பேசுகிறார்கள், பேசட்டும். இவ்வருஷம் நம் நண்பர்கள் தத்தம் ஊர்க் கூட்டத்துக்குப் போய், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவனின் கணக்கு நோட்டை வாங்கி, அதில் கோடு போட்டு அடித்த வரி ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அங்கிருந்தே விசாரணையைத் தொடங்கலாம்.