பெயர் மட்டும் போதுமா மறையூருக்கு?

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் மலைப்பாதையில், சின்னாறு வனவிலங்கு சரணாலயத்தைக் கடந்ததும் வருகிறது மறையூர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் ஊரின் பேச்சிலும் உறவிலும் தமிழ் கலந்திருக்கிறது. மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்ததே அஞ்சுநாடு. மதுரைப் பகுதியிலிருந்து முன்னோர் குடியேறியதாகக் கூறும் குடும்பங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன.

தில்லிக்கும் இந்தப் பள்ளத்தாக்கு புதிதல்ல. 2007-ல் காவிரி நடுவர் மன்றம், இங்கிருந்து கிழக்கு நோக்கிப் பாய்ந்து அமராவதியில் கலக்கும் பாம்பாற்றின் படுகைக்கு 3 டிஎம்சி தண்ணீரை ஒதுக்கியது. 2023-ல் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான மத்திய அரசின் தங்க விருதை காந்தலூர் பெற்றது. தண்ணீரும் விருதும் கிடைத்தன. ஆனால், மறையூரின் உண்மையான செல்வத்துக்குக் காவல் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

அந்தச் செல்வம் மூன்று வகை. முதலாவது, பாறை மேடுகளில் கல் பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து எழுப்பப்பட்ட பெருங்கற்காலச் சின்னங்கள். மக்கள் இவற்றை முனியறை என்கின்றனர். வனவாசத்தின்போது பாண்டவர் மறைந்திருந்ததால்தான் ஊருக்கே மறையூர் என்று பெயர் வந்தது என்றும் கதை சொல்கின்றனர். இரண்டாவது, கேரளத்தில் இயற்கையாக வளர்ந்த சந்தனக் காடு. மூன்றாவது, கரும்பு வயல்களின் ஓரத்துக் கொட்டகைகளில் சாற்றைக் காய்ச்சி, கையால் உருட்டி எடுக்கப்படும் வெல்லம். பழமையும் தொழிலும் ஒரே ஊரில் அருகருகே இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று துணையாக இல்லை.

பழமையைக் காத்தால் தொழில் வளராது, தொழில் வளர்ந்தால் பழமை தங்காது என்ற வாதம் நம் நாட்டில் அடிக்கடி கேட்கப்படுகிறது. அதற்கு மறுப்பாக நிற்கிறது சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள சுவான்சௌ துறைமுக நகரம். தமிழர்களுக்கு அது அந்நிய ஊர் அல்ல. அங்கு தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்நகரின் கடற்கரைச் சேற்றிலிருந்து 1974-ல் தோண்டி எடுக்கப்பட்ட பழங்கப்பலில் நறுமணக் கட்டைகளும் மிளகும் இருந்தன. அந்தக் கப்பலை இன்றும் அங்கு செல்வோர் காணலாம்.

2021-ல் யுனெஸ்கோ, சுவான்சௌவின் 22 இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் கோயில்களும் மசூதியும் மட்டுமல்ல, தேஹுவாவின் பழைய பீங்கான் சூளைகளும் ஆன்ஷியின் பழைய இரும்பு உருக்குத் தளமும் அடங்கும். அதே தேஹுவாவில் இன்றும் பீங்கான் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அதே ஆன்ஷி இன்று தேயிலைக்குப் புகழ்பெற்றது. அருகிலுள்ள ஜின்ஜியாங்கில் விளையாட்டுக் காலணிகள் ஏராளமாகத் தயாராகின்றன. பழைய சூளையைப் பார்க்க வருபவர், அதே ஊரின் புதிய பீங்கானை வாங்கிச் செல்கிறார். சீனாவின் ஆட்சி முறையை இங்கு யாரும் கேட்கவில்லை. பழமையைத் தொழிலின் முதலீடாகக் கருதும் பார்வையைத்தான் கவனிக்க வேண்டும்.

மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் அதற்கு உறுதுணையாக இருந்தது. ஆனால், தமிழகச் சமவெளியிலிருந்து செல்லும் மலிவு வெல்லம் மறையூர்ப் பெயரில் கேரளச் சந்தைகளில் விற்கப்படுவதாக விவசாயிகள் நெடுங்காலமாகப் புகார் கூறி வருகின்றனர். குறியீடு வந்த பிறகும் அந்தப் புகார் ஓயவில்லை. போலியின் விலைக்கு அசலும் இறங்கி வரவேண்டியிருந்தால், கரும்பு பயிரிடுபவருக்குக் கட்டுப்படியாகாது. கரும்பைக் கைவிட்டு வேறு பயிருக்கு மாறுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. கரும்பு போனால் குறியீடு வெறும் காகிதமாகிவிடும்.

புவிசார் குறியீடு தொடர்பான சட்டத்தை நாடாளுமன்றம் 1999-ல் இயற்றியது. 2003-ல் அது நடைமுறைக்கு வந்தது. போலிப் பெயரில் விற்பவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கவும் அதில் இடமுண்டு. ஆனால் குறியீட்டைப் பதிவு செய்வதில் காட்டப்படும் ஆர்வம், அதைக் காப்பதில் காட்டப்படுவதில்லை. நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. எனவே, இது கேரளத்தின் பிரச்னை என்று தமிழகம் ஒதுங்கி நிற்க முடியாது. நம் எல்லையைத் தாண்டிச் செல்லும் சரக்கு இன்னோர் ஊரின் பெயரைத் திருடுகிறது என்றால், அதைத் தடுக்கும் கடமை நமக்கும் உண்டு. நாளை பழனி பஞ்சாமிர்தத்துக்கோ சேலம் ஜவ்வரிசிக்கோ இதே கதி நேர்ந்தால், நாம் யாரிடம் நியாயம் கேட்பது?

சந்தனத்தின் கதை வேறு. இங்குள்ள மரங்களைக் காக்க 2005-ல் தனி வனக்கோட்டமே உருவாக்கப்பட்டது. வேலியும் இரவுக் காவலும் இருக்கின்றன. ஆனால், ஏலத்தில் விற்கப்படும் கட்டைகள் வெளியூர்களுக்குச் செல்கின்றன. கர்நாடக அரசின் சோப்பு நிறுவனமும் முக்கிய வாடிக்கையாளர்களில் ஒன்று. 1916-ல் சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கிய மைசூர், சந்தனத்தின் பெயரைத் தனதாக்கிக் கொண்டது. மரம் நிற்கும் ஊருக்குக் காவல் வேலை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

முனியறைகளுக்கு அந்த அளவு காவலும் இல்லை. மூடுகற்கள் சரிந்தும் பலகைகள் உடைந்தும் பல சின்னங்கள் சிதைந்து கிடக்கின்றன. கேட்பாரற்ற சின்னங்களின் கதி என்ன என்பதற்கு நாடாளுமன்றத்திலேயே ஆதாரம் உண்டு. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள 3,693 சின்னங்களில் 50 காணாமல் போய்விட்டதாக 2022-ல் கலாசார அமைச்சகம் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் ஒப்புக்கொண்டது. நகரமயமாக்கலால் 14, அணை நீரில் மூழ்கி 12. மற்ற 24 சின்னங்கள் எங்கே என்றே தெரியவில்லை. மத்தியப் பட்டியலில் இருந்தவற்றுக்கே இந்த நிலை என்றால், மலைமேட்டில் திறந்து கிடக்கும் கல்லறைகளை யார் தேடப்போகிறார்கள்?

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முனியறைகள் ஒவ்வொன்றையும் எண்ணிட்டு ஆவணப்படுத்தி, உள்ளூர் இளைஞர்களையும் முதுவர் பழங்குடியினரையும் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் நியமிக்கலாம். வெல்லத்தின் அசல் முத்திரையை எல்லைச் சோதனைச் சாவடியிலும் சந்தையிலும் இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து சோதிக்கலாம். சந்தன ஏல வருவாயில் ஒரு பங்கை அஞ்சுநாட்டுக்கே ஒதுக்கலாம். இடுக்கி உறுப்பினரும், உடுமலைப்பேட்டையை உள்ளடக்கிய பொள்ளாச்சி உறுப்பினரும் மக்களவையில் ஒரே குரலில் பேசினால் இவை நடக்கும்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழர் நட்ட கல்லைச் சீன மண் தொலைத்துவிடவில்லை. அதைவிடப் பழைய கற்கள் உடுமலைப்பேட்டையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் சரிந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே, தன் பெயரைத் தானே காப்பாற்ற முடியாத வெல்லம் கொதித்துக் கொண்டிருக்கிறது. இரண்டையும் காப்பது ஒரே வேலைதான் என்பதை இரு மாநில அரசுகளும் எப்போது உணரப் போகின்றன?