அத்தாவின் புல்லட்டை அறுக்கும் முன்

எங்கள் அத்தா வஃபாத்தாகி, அம்மாவின் இத்தாக் காலமும் நிறைவுற்ற பின்னர், பாடியிலுள்ள எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே தார்ப்பாய் போர்த்திக் கிடந்த 1984ஆம் ஆண்டுப் புல்லட்டை வெளியே எடுத்தோம். சகோதரர்கள் இருவருக்கும் அப்போது ஒரே எண்ணம்தான் இருந்தது. பின்பக்கச் சட்டத்தை அறுத்து, மட்கார்டைக் குட்டையாக்கி, ஒற்றை இருக்கையும் தடித்த டயரும் பொருத்தி, கைப்பேசித் திரையில் காணும் வண்டிகளைப் போல் ஆக்கிவிட வேண்டும். பட்டறையில் நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின இரவு அம்மா கேட்டார்: "இந்த வண்டி உங்க ரெண்டு பேருக்கு மட்டுமாப்பா?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. பழைய வண்டியொன்றை முதன்முறையாகச் சீரமைக்க முனையும் எந்த இளைஞரும் ஸ்பானரைக் கையிலெடுக்கும் முன் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இன்று எங்கள் கருத்து. முதல் முயற்சியில் வண்டியை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவருவதே முறை, அறுப்பது முறையன்று என்றும் கருதுகிறோம்.

வீட்டையும் நகையையும் பங்கிடும்போது ஆலிமை அழைத்து ஃபராயிள் கணக்குப் பார்க்கும் நம் குடும்பங்களில், இறந்தவரின் வண்டியும் கருவிப் பெட்டியும் பேச்சின்றி ஆண்பிள்ளைகளிடம் போய்விடுகின்றன. அவையும் மய்யித்தின் சொத்துத்தான். கடனும் வஸிய்யத்தும் கழிந்த பின், அத்தாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்ட எங்கள் குடும்பத்தில், அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் ஆண்மக்கள் இருவருக்கும் இவ்விரண்டு பங்கு, தங்கைக்கு ஒரு பங்கு. வண்டியின் மதிப்பு 80,000 ரூபாய் என்று கொண்டால் அம்மாவுக்கு 10,000, எங்களுக்குத் தலா 28,000, தங்கைக்கு 14,000. நாங்கள் அறுக்கவிருந்த இரும்பில் 24,000 ரூபாய் எங்களுடையதே அன்று. அம்மா தம் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தார். தங்கையிடம் "உனக்கு எதுக்கும்மா வண்டி" என்று சிரித்துக் கடந்துவிடாமல், அவருடைய பங்கைப் பணமாகக் கையில் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கினோம்.

அடுத்தது ஆவணம். வாகன உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இன் வழியாக வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகாத வண்டிக்கு எவ்வளவு செலவு செய்தாலும் அது வீண்விரயமே. ஆகவே பழைய உதிரி பாகம் தேடிப் புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள், எண் சுரண்டப்பட்ட எஞ்சின் பாகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதிருப்பது நல்லது. அது யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியாது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்ற முடியாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. மறுபுறம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்கும் வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. எங்கள் வண்டிக்கு 2034இல் அந்த வயது நிறையும். பழைமைக்காக விரும்பப்படும் வண்டியை அறுத்தால், அந்தப் பழைமைக்குரிய தகுதியையே அது இழந்துவிடும்.

பாடியில் வாழ்வோருக்கு இதில் இன்னொரு பொருளும் உண்டு. 1955இல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் நம் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய வாகன உதிரி பாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. அத்தாவைப் போன்ற கடைசல்காரர்கள் பலர் தென்மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறியது அந்த வேலைகளை நம்பித்தான். பெட்ரோல் டாங்கின் மேல் தூரிகையால் கைப்பட இழுத்த பொன்னிறக் கோடு, 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் நீள ஓட்டமும் கொண்ட அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் ஆகிய யாவும் அத்தலைமுறைக் கைகளின் வேலை. அதனைப் புரிந்துகொள்ளாமல் அறுப்பது அறியாமை என்பதை, அதனைக் கழற்றிப் பார்த்த பின்னரே நாங்கள் உணர்ந்தோம்.

கழற்றியபோதும் தவறுகள் செய்தோம். கண்ணுக்கு அழகாகத் தெரியட்டும் என்று முதலில் டாங்குக்கு வர்ணம் பூசினோம். பெட்ரோல் ஊற்றியதும் அடித்தையல் வழியே கசிந்தது. உள்ளே துரு அரித்திருந்தது. பற்றவைத்த சூட்டில் புதிய வர்ணம் கொப்பளித்து உரிந்தது. 4,500 ரூபாய் போயிற்று. பிறரின் பார்வைக்காகத் தொடங்கிய வேலை அப்படித்தான் முடியும் என்று அம்மா சொன்னார். அதன் பிறகு வரிசையை மாற்றினோம். முதலில் பிரேக், அடுத்து சக்கரமும் கேபிள்களும், பின்னர் வயரிங், அதன்பின் எஞ்சின், கடைசியாகத்தான் வர்ணம். பழைய பிரேக் ஷூவின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதனைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சிலிண்டருக்கு ரீபோர் போடுவதை லேத் தெரிந்தவரிடம் விட்டோம். தெரியாத வேலையில் கைவைப்பதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது.

சைலன்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெடிச்சத்தம் எழுப்பும் குழாயை மாட்டிக்கொண்டு, குழந்தைகளும் நோயாளிகளும் உறங்கும் தெருவில் ஃபஜ்ருக்குப் போவதில் என்ன பேணுதல் இருக்கிறது? அண்டை வீட்டாருக்கு இடையூறு செய்யாதிருப்பது நம் மார்க்கத்தின் அரிச்சுவடி. அண்டை வீட்டார் முஸ்லிமா இல்லையா என்ற வேறுபாடு அதில் இல்லை. நாங்கள் அசல் சைலன்சரையே தேடிப் பொருத்தினோம்.

வண்டியை மாற்றியமைப்பதும் ஒரு கலைதானே என்று இளைஞர்கள் கேட்கலாம். கலைதான், அக்கலையில் தேர்ந்தவர்களின் கைத்திறனை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. தம் சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டியில், சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் ஒருவர் தம் விருப்பத்தைக் காட்டுவதைத் தடுக்க நாம் யார்? முதன்முறை செய்பவருக்கு ஓர் எளிய அளவுகோல் போதும் என்கிறோம்: போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றத்தைச் செய்யலாம், இரம்பமும் வெல்டிங்கும் கேட்கும் மாற்றத்தைத் தள்ளிவைக்கலாம். எங்கள் வண்டியில் நாங்கள் மாற்றியவை இரண்டுதான். இருக்கையின் உறையைப் புதிதாகத் தைத்தோம். பக்கவாட்டில் கருவிப்பை ஒன்று தொங்கவிட்டோம். அதனுள் அத்தாவின் ஸ்பானர்கள் இருக்கின்றன.

பதினான்கு மாதங்களுக்குப் பின் ஒரு ஜும்ஆ நாளின் காலையில் வண்டியைத் தெருவில் நிறுத்தினோம். எங்கள் இருவருக்கும் அது கிளம்பவில்லை. வாசலில் நின்ற தங்கை அருகில் வந்தார். சிறுவயதில் அத்தாவின் முன்னால் டாங்கின் மேல் உட்கார்ந்து பார்த்தது அவருக்கு நினைவிருந்தது. கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பொறுத்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே இறக்கி, அதன்பின் ஒரே மிதியாக மிதிக்கச் சொன்னார். அப்படியே செய்தோம். இரண்டாம் மிதியில் வண்டி உயிர்பெற்றது, அல்ஹம்துலில்லாஹ். அம்மா பின்னிருக்கையில் அமர்ந்து கொரட்டூர் வரை போய்வந்தார்.