ஓர் இரவில் ஏறிய விலை

கால்பந்தில் கோல் அடிப்பவருக்குத்தான் போஸ்டர். தடுப்பவரைத் தோற்ற அன்றைக்குத்தான் நினைப்பார்கள், திட்டுவதற்கு! ஆனால் 2009 பிப்ரவரி 24 அன்று மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் கதை மாறியது. சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். ஒரு பக்கம் மான்செஸ்டர் யுனைடெட். அதில் இரண்டு மாதம் முன்புதான் பாலன் டி'ஓர் விருது வாங்கிய கிறிஸ்டியானோ ரொனால்டோ. எதிரே இன்டர் மிலானின் டேவிடே சான்டோன், வயது 18. ஆட்டம் 0-0 என முடிந்தது. மறுநாள் எல்லோர் வாயிலும் அந்தப் பையனின் பெயர்.

இத்தனைக்கும் அவர் இன்டரின் முதல் அணிக்கு ஆட ஆரம்பித்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. வலது கால் ஆட்டக்காரர். மூரின்யோ அவரைப் பெரும்பாலும் இடது பின்களத்தில் நிறுத்தினார். ஜூன் 6-ம் தேதி வடக்கு அயர்லாந்துக்கு எதிராக இத்தாலி தேசிய அணிக்கும் ஆடிவிட்டார். அப்போது உலக சாம்பியனே இத்தாலிதான்! ஃபக்கெட்டி, மால்டீனி என்று பெரிய பெயர்களோடு ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே யுனைடெட், மார்ச் மாதம் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 2-0 என ஜெயித்து இன்டரை வெளியேற்றியது. அதில் ஒரு கோல் ரொனால்டோவுடையது. அதை யாரும் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சீசனில் முழங்கால் காயம். அந்த 2009-10 சீசனில்தான் இன்டர் மூன்று கோப்பைகளை வென்றது. சான்டோனுக்கோ ஆடும் வாய்ப்பு குறைந்தது. 2010 உலகக் கோப்பை அணியில் இடமில்லை. 2011 ஜனவரியில் செசேனாவுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அங்கிருந்து நாகடோமோ இன்டருக்கு வந்தார். ஆகஸ்டில் இங்கிலாந்தின் நியூகாசில். 2015-ல் மறுபடி இன்டர். 2018-ல் ரோமா, அதுவும் நைங்கோலன் என்ற ஆட்டக்காரரை இன்டர் வாங்கிய பேரத்தின் ஒரு பகுதியாக. 2022-ல், உடம்பு இனி தாங்காது என்ற நிலையில் ஓய்வு. வயது 31.

"புகழ் தலைக்கேறி வீணாய்ப் போனவர்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது நியாயமில்லை. முழங்கால் யார் புகழ்ந்தார்கள் என்று பார்த்தா வலிக்கிறது? நியூகாசிலில் மூன்று வருடத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். 2011-12-ல் அந்த அணி பிரீமியர் லீகில் ஐந்தாவது இடம் பிடித்தது. சாதாரணமாகப் பார்த்தால் நல்ல வாழ்க்கைதான். மால்டீனியோடு ஒப்பிட்டதால்தான் அது தோல்வி மாதிரித் தெரிகிறது.

தவறு ஆடியவரிடம் இல்லை, கணக்கு எழுதியவர்களிடம் இருக்கிறது. கணக்கியலில் ஓர் அடிப்படை விதி உண்டு: வராத லாபத்தை வந்ததாக எழுதாதே. சான்டோன் விஷயத்தில், ஆடவே ஆரம்பிக்காத இருபது வருடத்தை ஒரே இரவில் வரவு வைத்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் அதை நஷ்டமாகக் கழித்தார்கள். லாபம் பார்த்தது பத்திரிகைகள்; நஷ்டம் மட்டும் அந்தப் பையன் பெயரில்!

தடுப்பாட்டம் மெதுவாகக் கனியும் தொழில். எங்கே நிற்பது, எப்போது பாயக்கூடாது என்பதெல்லாம் அடிபட்டு அடிபட்டுத்தான் வரும். ஆந்த்ரேயா பர்ஸாலியைப் பாருங்கள். கீழ்நிலை டிவிஷன்களில் ஆடி மேலே வந்தவர். சான்டோன் செசேனாவுக்குப் போன அதே 2011 ஜனவரியில்தான் அவர் யுவெண்டஸுக்கு வந்தார், 29 வயதில். அதன்பின் தொடர்ந்து எட்டு முறை இத்தாலி லீக் சாம்பியன்! பதினெட்டு வயதில் அவரை யாரும் மால்டீனி என்று அழைத்திருக்க மாட்டார்கள். அதுவே அவருக்கு அதிர்ஷ்டமாக இருந்திருக்கலாம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரியட்டும். அதற்காக முளையையே அறுவடை செய்ய முடியுமா? அடுத்த முறை ஒரு பதினெட்டு வயதுப் பையன் ஒரு பெரிய நட்சத்திரத்தை ஓர் இரவு தடுத்து நிறுத்தினால், கை தட்டுங்கள். அந்த ஓர் இரவுக்கு மட்டும் தட்டுங்கள். மீதி வருடங்களை அவரே ஆடிக் காட்டட்டும்.