சிக்கனம் பந்தலில் தொடங்கட்டும்

கடனை அடைக்க முனையும் நம் இல்லங்களில் முதலில் குறைவது குழந்தைகளின் பாலும் முட்டையும்தான். கத்னா விருந்தும் வலீமா பிரியாணியும் குறைவதில்லை. ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற அச்சம் அவற்றைக் காத்து நிற்கிறது. நகைக்கடனின் வட்டியோ வளர்ந்துகொண்டே போகிறது.

மூன்று தீனார் கடனோடு, அதை அடைக்க எதையும் விட்டுச்செல்லாமல் இறந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழவைக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். சொத்தைப் பங்கிடுமுன் கடனைத் தீர்க்குமாறு திருக்குர்ஆனும் (4:11) பணிக்கிறது. கடன் அத்துணைக் கனமான அமானிதம்.

ஆகவே, முதலில் கடன்தொகை முழுவதையும் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிவைப்போம். மாலைதோறும் பரோட்டாக் கடையில் செலவாகும் 100 ரூபாயைத் தனியே சேர்த்தால் ஆண்டுக்கு 36,500 ரூபாய் கடனில் கழியும். பெருநாளுக்கு, இருப்பதில் சிறந்த ஆடையை உடுத்துவதே போதுமானது. வலீமா சுன்னத்து, அதற்காகக் கடன்படுவது சுன்னத்தன்று.

விருந்தைச் சுருக்கியவரைக் கஞ்சர் என்று ஏசாமல், அமானிதம் பேணுபவர் என மதிக்க நாம் பழகவேண்டும். ஊரின் நாவு மாறினால் பல வீடுகளின் கடன் தீரும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.