இரும்புக்கை மாயாவிக்குப் பின்னால் இருந்தது யார்?

நீளமான இழை இது. காமிக்ஸ் பிடிக்காதவங்களும் படிக்கலாம். எப்படியும் கடைசியில ஆஸ்பத்திரியிலதான் வந்து நிக்கும்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். பத்து வயசு இருக்கும். அப்பா நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுற பட்டறையில வேலை. பையன் மொட்டை மாடித் தண்ணி டேங்க் மேல ஏறிக் குதிச்சதுல முன்னங்கையில ரெண்டு எலும்பும் முறிஞ்சிருச்சு. போட்டிருந்தது ஸ்பைடர்மேன் பனியன், அதைச் சொல்லணுமா என்ன. புத்தூர் கட்டுக்குப் போகாம நேரா எங்ககிட்ட கூட்டிட்டு வந்ததுக்கே அந்த அப்பாவுக்கு மனசுக்குள்ள ஒரு நன்றி சொல்லிக்கிட்டேன்.

மாவுக்கட்டு போடும்போது குழந்தைகளுக்குப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். "ஏந்தம்பி, அயர்ன்மேனுக்குக் கை உடஞ்சா எந்த ஆஸ்பத்திரிக்குப் போவாரு?"ன்னு கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கல. "அவரு எதுக்குங்க போறாரு? அந்த சூட்டே சரி பண்ணிக்கும்ங்க."

அப்பா சிரிச்சார். நானும் சிரிச்சேன். ஆனா வீட்டுக்குப் போற வழியெல்லாம் அந்தப் பதில் கூடவே வந்தது. ஹீரோவுக்கு யாரும் வேண்டாம், எல்லாத்தையும் அவரே பாத்துக்குவார்ங்கிற நம்பிக்கை. இது பத்து வயசுப் பையனோட நம்பிக்கை மட்டும்னா நான் இதை எழுதிட்டு இருக்க மாட்டேன்.

என் வயசுக்காரங்களுக்கு சூப்பர் ஹீரோன்னா முதல்ல இரும்புக்கை மாயாவிதான். 1972-ல சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தப்போ முதல் இதழே அவர்தான். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1962-ல, இங்கிலாந்துல 'வேலியன்ட்' பத்திரிகையில தொடங்குன கதை. லூயிஸ் கிராண்டல்னு ஒரு ஆய்வுக்கூட உதவியாளர். விபத்துல வலது கை போய், இரும்புக் கை பொருத்தியிருப்பார். மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சிரும், இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும்.

(டாக்டரா ஒரு இடைச்செருகல்: வீட்டு பிளக்ல வர்றது 230 வோல்ட். அதுல கை வெச்சா மாயமா மறைய மாட்டீங்க, மொத்தமாவே மறைஞ்சிருவீங்க. குழந்தைகள் இருக்கிற வீட்ல பிளக் ஓட்டைக்கு மூடி வாங்கி மாட்டுங்க.)

பலருக்கு மறந்துபோன விஷயம் ஒண்ணு இருக்கு. மாயாவி தொடக்கத்துல நல்லவர் கிடையாது. சக்தி கிடைச்சதும் அவர் போனது திருட்டு வழிக்குத்தான். நாம தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடின மாயாவி, பிரிட்டிஷ் ரகசிய அமைப்பான நிழல் படையில சேர்ந்த பிறகு உருவானவர். அங்கதான் அவருக்கு மேலதிகாரி, வேலை, கட்டளை, தப்பு பண்ணினா கேள்வி கேக்க ஆள், எல்லாம் வந்துச்சு. சக்தி அதே சக்திதான். பின்னால ஒரு அமைப்பு வந்ததும் ஆள் மாறிட்டார்.

காமிக்ஸ்ல ஹீரோவைவிட எனக்கு சுவாரசியமாத் தெரியறது இந்தப் பின்புலம்தான். பேட்மேனோட முதல் கதை 1939-ல வந்தது. அதுலயே கமிஷனர் கார்டன் இருக்கார். ஏன்? பேட்மேனால அடிக்க முடியும், கட்டிப்போட முடியும், ஆனா கைது பண்ண முடியாது. அதுக்கப்புறம் போலீஸ், வழக்கு, கோர்ட்டுன்னு ஒரு நேர்மையான அதிகாரி இழுத்துட்டுப் போனாத்தான் அந்த அடிக்கு ஒரு அர்த்தம். 1965-ல மார்வெல் காமிக்ஸ்ல ஷீல்டு அமைப்பு வருது. நிக் ஃபியூரி ஒத்தை ஆளா யாரையும் காப்பாத்துறவர் இல்ல. ஆள் சேர்ப்பார், தகவல் கொடுப்பார், திட்டம் போடுவார். எங்க ஆஸ்பத்திரி பாஷையில சொன்னா, ஆர்.எம்.ஓ.

அமைப்புன்னாலே நல்லதுன்னு நான் சொல்ல வரல. ராணி காமிக்ஸ்ல மாயாவின்னு வந்தாரே, முகமூடி போட்ட காட்டு வீரர், லீ ஃபால்க் 1936-ல உருவாக்கினவர், அவருக்கு ஜங்கிள் பேட்ரோல்னு ஒரு படை உண்டு. அந்தப் படையோட தலைவர் யாருன்னு படையில ஒருத்தருக்கும் தெரியாது. ஆபீஸ்ல இருக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள உத்தரவு எழுதி இருக்கும், கர்னல் எடுத்துப் படிச்சிட்டு அப்படியே செய்வார். சின்ன வயசுல புல்லரிச்சது. அரசாங்க ஆஸ்பத்திரியில கொஞ்ச காலம் குப்பை கொட்டின பிறகு படிச்சா வேற மாதிரி புல்லரிக்குது. "மேலிடத்து உத்தரவு" எங்கிருந்து வருதுன்னு தெரியாம செயல்படுற அமைப்பைப் பார்க்க நாம காட்டுக்கெல்லாம் போக வேண்டியதில்லையே! அந்தக் கதையில தலைவர் நல்லவர், பிழைச்சோம். 2014-ல வந்த கேப்டன் அமெரிக்கா படத்துல ஷீல்டுக்குள்ளேயே எதிரி அமைப்பான ஹைட்ரா பல வருஷமா உக்காந்திருக்கும். ரகசியமா இயங்குற எதுக்கும் அந்த ஆபத்து உண்டு.

2006-ல மார்வெல் 'சிவில் வார்'னு ஒரு தொடர் கொண்டு வந்தாங்க. படம் வேற, காமிக்ஸ் வேற. டிவி நிகழ்ச்சிக்காக வில்லன்களைத் துரத்துற இளவட்ட ஹீரோக்கள், தங்களால தாங்க முடியாத ஒருத்தன்மேல கை வைப்பாங்க. அவன் வெடிச்சுச் சிதறுவான். பக்கத்துலயே பள்ளிக்கூடம். 600 பேருக்கு மேல சாவு, அதுல குழந்தைகளும். அதுக்கப்புறம் அரசு சட்டம் போடும்: சக்தி இருக்கிற எல்லாரும் நிஜப் பெயரைப் பதிவு பண்ணணும், பயிற்சி எடுக்கணும். அயர்ன்மேன் ஆதரவு, கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பு.

படிக்கிறவங்கள்ல பாதிப்பேர் கேப்டன் பக்கம். நான் அயர்ன்மேன் பக்கம். காரணம் இருக்கு.

எனக்கு ஒரு பதிவு எண் இருக்கு. தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் கொடுத்தது. நான் தப்பா மருந்து கொடுத்தா அந்த எண்ணை வெச்சு என்னைத் தேடிப் பிடிக்கலாம், விசாரிக்கலாம், தொழிலை நிறுத்தலாம். மருத்துவர் அந்த எண்ணைக் கிளினிக்லயும், எழுதித் தர்ற சீட்டுலயும், பணம் வாங்கின ரசீதுலயும் போடணும்னு 2002-ஆம் வருஷ விதிமுறை சொல்லுது. இது எனக்குக் கௌரவம் சேர்க்கிற விஷயம்னு மட்டும் நினைக்காதீங்க. உங்க பாதுகாப்புக்கு அரசு என் கழுத்துல கட்டியிருக்கிற மணி அது.

பதிவு எண்ணே இல்லாம ஊசி போடுறவர் யாரு? "அவரு கைராசிக்காரருங்க, ஒரே ஊசியில காய்ச்சல் பறந்துரும்." காய்ச்சலோட போற எல்லாருக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டா முதல் நாள் பறக்கத்தான் செய்யும். அஞ்சாம் நாள் ரத்த அழுத்தம் விழுந்து, டெங்குவோ டைபாய்டோன்னு தெரியாம எங்ககிட்ட வருவாங்க. வர்றப்போ என்ன ஊசின்னு கேட்டா சீட்டு இருக்காது, பேர் இருக்காது, ஒண்ணும் இருக்காது. போலி டாக்டர்னா பேய் மாதிரி ஆளுன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் ஊருக்கே பிடிச்ச, ராத்திரி எப்பக் கூப்பிட்டாலும் கதவு திறக்கிற மனுஷன். சக்தி இருக்கு, ரசிகர் கூட்டம் இருக்கு, கேள்வி கேக்க ஆள் இல்ல. நிழல் படைக்கு முந்தின மாயாவி.

ஆனா நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கதையிலேயே, பதிவு பண்ண மறுத்த ஹீரோக்களை அரசு விசாரணையே இல்லாம வேற ஒரு உலகத்துச் சிறையில அடைக்கும். அங்க அயர்ன்மேனை என்னால தாங்கிப் பேச முடியல.

இப்ப நிஜத்துக்கு வருவோம். சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் பைக்ல இருந்து தூக்கி எறியப்படுறார்னு வெச்சுக்குங்க. பின்னால வந்த முட்டை வண்டிக்காரர் நிறுத்துறார். 108-க்கு அடிக்கிறார். ஆம்புலன்ஸ்ல இருக்கிற டெக்னீஷியன் ரத்தம் வர்ற இடத்தை அழுத்திக் கட்டி, கழுத்தை அசையாமப் பிடிச்சு ஏத்துறார். இங்க ஒரு நர்ஸ், நாடியே கிடைக்காத கையில நரம்பு தேடி ஊசி ஏத்துறாங்க. ரத்த வங்கியில தூக்கத்துல இருந்து எழுந்து ஒருத்தர் பை எடுத்துக் கொடுக்கிறார். அப்புறம்தான் நாங்க வர்றோம். ஒரு வாரம் கழிச்சு அவர் வீட்டம்மா என் கையைப் பிடிச்சு "நீங்கதான் சாமி"ன்னு அழுவாங்க. முட்டை வண்டிக்காரர் அந்நேரம் கொச்சியில லோடு இறக்கிட்டு இருப்பார்.

சாமின்னு சொல்றது எனக்குப் பிடிக்காததுக்குத் தன்னடக்கம் காரணம் இல்ல. பயம். அதே வாரத்துல இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் காப்பாத்த முடியாதப்போ, சாமி வேணும்னே கைவிட்டுட்டார்னுதான் அவங்களுக்குத் தோணும். கண்ணாடி உடையறது அங்கதான்.

அந்த 108 கதையைக் கொஞ்சம் கேளுங்க. காமிக்ஸைவிட விறுவிறுப்பானது. 2005-ல ஹைதராபாத்ல சத்யம் கம்பெனியின் ராமலிங்க ராஜு தொடங்கின இ.எம்.ஆர்.ஐ. அமைப்புதான் இதுக்கு ஆரம்பம். பெரிய பணக்காரர், தொழில்நுட்பம், ஊரைக் காப்பாத்த வண்டிகள். அப்படியே டோனி ஸ்டார்க். 2008 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டு இங்கயும் ஓட ஆரம்பிச்சது. 2009 ஜனவரியில சத்யம் கணக்குல மோசடி பண்ணினதை ராஜு தானே ஒப்புக்கிட்டார். நாடே ஆடிப்போச்சு. ஆனா ஆம்புலன்ஸ் நிக்கல. ஜி.வி.கே. குழுமம் பொறுப்பெடுத்தது, அரசுகள் பணம் கொடுத்துட்டே இருந்தன, ராத்திரி போன் அடிச்சா எடுக்க ஆள் இருந்தாங்க. ஹீரோ விழுந்துட்டார், அமைப்பு விழல. எனக்குத் தெரிஞ்சு இந்த மாதிரி ஒரு அத்தியாயம் மார்வெல்லே எழுதினதில்ல.

மார்வெல்ல 'டேமேஜ் கன்ட்ரோல்'னு ஒரு கம்பெனி உண்டு. 1980-கள் கடைசியில டுவைன் மெக்டஃபியும் எர்னி கோலோனும் உருவாக்கினது. ஹீரோவும் வில்லனும் அடிச்சுக்கிட்டு இடிச்ச கட்டடங்களைச் சரி பண்றது, கணக்கு எழுதறது, பில் போடறதுதான் அவங்க வேலை. நம்ம சினிமாவுல நாயகன் அடிச்சு நாப்பது பேர் பறக்கிறாங்களே, அந்த நாப்பது பேரோட ஸ்கேன் செலவு யாரு கட்டினாங்கன்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம் உண்டு. விபத்துல அடிபட்டவங்களுக்கு இங்க ஒரு பதில் இருக்கு. 2021 டிசம்பர் 18 அன்னிக்குத் தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும். தொடங்கினப்போ வரம்பு 1 லட்சம் ரூபாய். திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு, வெளிமாநில லாரி டிரைவருக்கும் உண்டு. நகையை அடகு வெக்க ஓடறதுக்கு முன்னாடி, இந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்துல இருக்கான்னு கேளுங்க.

முட்டை வண்டிக்காரருக்கு வருவோம். வண்டியை நிறுத்துறவங்க எல்லாரும் எங்ககிட்ட கேக்கிற முதல் கேள்வி, "கேஸு கீஸு ஆகுமாங்க?" ஆகாது. 2016-ல உச்ச நீதிமன்றம் இதுக்கான வழிகாட்டு நெறிகளை ஏத்துக்கிட்டது. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல 134ஏ பிரிவாவே சேர்த்தாங்க. நல்லெண்ணத்தோட உதவி பண்ணினவர்மேல சிவில் வழக்கும் கிடையாது, குற்ற வழக்கும் கிடையாது. அதைவிட எனக்குப் பிடிச்சது அதோட விதிகள்ல இருக்கு: பேரு, விலாசம், போன் நம்பர் கொடுக்கச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பேட்மேன் ஆயுசு பூராவும் கட்டிக் காப்பாத்தின அந்த ரகசியத்தை, நம்ம ஊர் முட்டை வண்டிக்காரருக்கு அரசே சட்டமாக் கொடுத்திருக்கு. அவர் பாட்டுக்கு இறக்கி விட்டுட்டுப் போயிரலாம். போன்ல வீடியோ எடுத்துட்டு நிக்கிற பத்துப் பேருக்கு இது தெரியணும், தெரியல. ஊர் வாட்ஸ்அப் குரூப்ல இந்த ஒரு பத்தியை மட்டுமாவது போட்டு விடுங்க.

நேத்து அந்தப் பையன் கட்டு இறுக்கமா இருக்குன்னு திரும்ப வந்தான். விரல் அசையுது, நிறம் நல்லா இருக்கு, பயமில்ல. போன தடவை விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சேன். பேட்மேனுக்கு அடிபட்டா ஒரு டாக்டரம்மாகிட்டதான் போவார், லெஸ்லி தாம்ப்கின்ஸ்னு பேரு, 1976-ல இருந்து கதையில இருக்காங்க, ஏழைங்களுக்குக் கிளினிக் நடத்தறாங்க, இவர் சண்டை போடறதே அவங்களுக்குப் பிடிக்காது, திட்டிக்கிட்டேதான் தையல் போடுவாங்கன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்ப அந்த டாக்டரம்மாவுக்கு பேட்மேன் யாருன்னு தெரியுங்களா?"

"தெரியும்."

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"சொல்லல."

"ஏனுங்க?"

"நீ டேங்க் மேல இருந்து குதிச்சேன்னு நான் உங்க ஸ்கூல் மிஸ்கிட்ட சொன்னனா?"

மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டதா லீவ் லெட்டர்ல எழுதியிருக்காங்களாம். அப்பாவைத் திரும்பிப் பாத்தான்.