பெயரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இண்டர்நெட் இணைப்பும் வந்தவுடன் பலர் செய்யும் முதல் வேலை, தேடல் தளத்தில் தங்கள் பெயரை டைப் செய்து பார்ப்பது. அடுத்து அப்பா பெயர், பிறகு தாத்தா பெயர். நானும் அதைத்தான் செய்தேன். தாத்தா பெயருக்கு லட்சக்கணக்கில் முடிவுகள் வந்தன. பார்த்த வரையில் ஒருவர்கூட என் தாத்தா இல்லை.

இது கம்ப்யூட்டரின் குற்றம் அல்ல. வம்சாவளி தயாரிக்கும் சாப்ட்வேர்கள் பலவும் மேலை நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயரைக் கேட்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இனிஷியல்தான். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாக்குறைக்குத் தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைக்கிறோம். ஒரே தெருவில் நான்கு சுப்பிரமணியன்கள் இருந்தால் எவர் உங்கள் கொள்ளுத் தாத்தா?

எனவே என் கருத்து இதுதான்: நம் குடும்ப வரலாற்றை ஊரையும் நிலத்தையும் கொண்டுதான் தேட வேண்டும். அதற்கான முதல் ஆவணம் உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கலாம். பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் படியுங்கள். வாங்கியவர், விற்றவர், அவர்களின் தகப்பனார் பெயர்கள், ஊர், சர்வே எண் எல்லாம் இருக்கும். நான்கு எல்லை விவரத்தில் பக்கத்து நிலத்துக்காரர்களும், வாய்க்காலும், வண்டிப்பாதையும் வருவார்கள். குடும்ப வரலாற்றோடு ஊர் வரலாறும் சேர்ந்தே கிடைக்கிறது.

இனி கம்ப்யூட்டருக்கு வரலாம். தமிழக அரசின் பதிவுத்துறை தளத்தில், 1975க்குப் பிந்தைய வில்லங்க விவரங்களைச் சர்வே எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். பத்திரத்தில் உள்ள எண் பொருந்தவில்லையா? குழம்ப வேண்டாம். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல எண்கள் மாறின. கிராமத்தின் 'அ' பதிவேட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும்.

ஊரைப் பற்றி அறிய, ஆங்கிலேயர் கால மாவட்ட கெசட்டியர்கள் உதவும். மதுரை கெசட்டியர் 1906லும் திருநெல்வேலி கெசட்டியர் 1917லும் வெளிவந்தன. இவற்றை 'இண்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் டவுன்லோட் செய்யலாம். தேடும்போது ஊர்ப் பெயரை அன்றைய ஆங்கில ஸ்பெல்லிங்கில் கொடுங்கள். தஞ்சாவூர் அதில் 'டாஞ்சோர்', திருச்சி 'ட்ரிச்சினாபொலி'. ஆனால் எல்லாமே இண்டர்நெட்டில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய அரசு ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பெரிய குறை உண்டு. நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்ததால், பத்திரங்களில் பாட்டிகளைக் காண்பது அரிது. வாக்காளர் பட்டியல் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். 2025ல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005ஆம் ஆண்டுகளின் பட்டியல்கள் தமிழகத் தேர்தல் துறையின் தளத்தில் வைக்கப்பட்டன. அவற்றில் பெண்களின் பெயர்களும் வீட்டு எண்ணோடு இருக்கின்றன. அதற்கு முன்பே மறைந்த பாட்டிகளின் பெயர்களும், அவர்கள் பிறந்த ஊர்களும் வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் உள்ளன.

ஆகவே ஸ்கேனரைத் தொடும் முன், குடும்பத்தில் வயதில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். செல்போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, அவருடைய அம்மாவின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். பிறகு பத்திரங்களை ஸ்கேன் செய்து, ஊர்ப் பெயரில் ஒரு போல்டர் திறந்து, ஆண்டு வாரியாக பைல்களுக்குப் பெயரிடுங்கள். ஒரு காப்பியைப் பென் டிரைவில் எடுத்து இன்னொருவர் வீட்டில் வையுங்கள். சொத்துப் பத்திரங்களைப் பொதுத் தளங்களில் மட்டும் ஏற்ற வேண்டாம்.

பத்திரத்தை அடுத்த மாதம்கூட ஸ்கேன் செய்து கொள்ளலாம். பெரியவரிடம் கேட்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.